இரண்டு முறை வந்த பதினோரு நிமிடங்கள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். முகவரியை உங்கள் பழைய வார்டு சிஸ்டரிடம் வாங்கினேன். "ஒன்பது வருஷமா யாரும் கேக்கல. இப்ப என்ன திடீர்னு?" என்றார். பிறகு அவராகவே ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

நான் அதே மருத்துவமனையில், அதே கணினிப் பிரிவில்தான் இருக்கிறேன். இப்போது பிரிவுக்கு நானே பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய சர்வரை மூடிவிட்டு, அதிலிருக்கும் பதிவுகளையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு பதிவின் நேரம் அதற்கு முந்தைய பதிவின் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் புதிய சர்வர் ஏற்றுக்கொள்ளாது. "இது எப்படி?" என்று கேட்டு நின்றுவிடும். அப்படி ஒரே ஒரு நாளில் நின்றது. வார்டில் இறந்துபோன அந்தத் தச்சருக்கு நீங்கள் ஊசி போட்ட நாள்.

அன்று சர்வரின் கடிகாரம் பதினோரு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் அதற்குள் ஒரு போர்டு மாற்றியவர், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். பரிசோதனைக் கூடத்தில் சத்தம் போட்டார்கள். "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே ரிசல்ட் வந்துடுச்சுன்னு காட்டுது, இதென்ன மாயமா மந்திரமா?" என்றார்கள். என்னைச் சரிசெய்யச் சொன்னார்கள். அன்று பிற்பகல் அது இரண்டு இருபது காட்டியபோது இரண்டு ஒன்பதுக்குத் தள்ளி வைத்தேன். அதனால் அந்தப் பதினோரு நிமிடம் அன்று இரண்டு முறை வந்தது.

டாக்டர் ஊசிக்கான உத்தரவைப் பதிந்தது முதல் முறை வந்த 2:16. நீங்கள் ஊசி போட்டுவிட்டுப் பதிந்தது இரண்டாம் முறை வந்த 2:12. காகிதத்தில் பார்த்தால் உத்தரவுக்கு நான்கு நிமிடம் முன்பே நீங்கள் ஊசி போட்டிருக்கிறீர்கள். உண்மையில் உத்தரவு வந்து ஏழு நிமிடம் கழித்துத்தான் போட்டிருக்கிறீர்கள்.

விசாரணையில் நீங்கள் சொன்னது சரி அண்ணி. இதைப் போன வாரம்தான் கவனித்தேன். அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 12

உங்கள் கடிதம் கிடைத்தது.

இங்கே தபால் முதலில் மேலாளர் மேசைக்குத்தான் போகும். "உங்களுக்குக்கூட லெட்டர் வருதே!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். இது ஒரு முதியோர் இல்லம். நான் இங்கே நர்ஸ் இல்லை. என் செவிலியர் பதிவைத்தான் ரத்து செய்துவிட்டார்களே. தரை துடைப்பேன், படுக்கை விரிப்பு மாற்றுவேன், தாங்களாக எழ முடியாதவர்களைக் குளிப்பாட்டி விடுவேன். மாத்திரைத் தட்டு வரும்போது சுவரோரம் ஒதுங்கி நிற்பேன். யாராவது ஒரு மாத்திரையைக் கீழே தவறவிட்டால்கூடக் குனிந்து எடுக்க மாட்டேன். நர்ஸைக் கூப்பிடுவேன்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. "போன வாரம்தான் கவனித்தேன்."

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பஸ் நிலையம் வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பெட்டியை இருக்கைக்கு மேலே ஏற்றி வைத்தீர்கள். இறங்கியவர் ஜன்னல் பக்கம் வந்து நிற்பீர்கள் என்று கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பஸ்ஸுக்குப் பின்பக்கமாகவே போய்விட்டீர்கள். பாவம், அழுகை வந்திருக்கும், அதைக் காட்ட வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணையில் உங்களைக் கூப்பிட்டு, அன்றைக்குக் கணினியின் நேரம் சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். நான் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். "சரிதான் சார். நானே செக் பண்ணினேன்" என்றீர்கள். என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துச் சொன்னீர்கள்.

என்ன செய்வது என்பதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். போன வாரமா, ஒன்பது வருடமா?


மார்ச் 17

அண்ணி,

ஒன்பது வருடம்.

இந்த இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிட்டு மூன்று நாள் இந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இன்றுதான் திரும்ப எடுத்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட்டவர் நீங்கள். "நீங்கள்" என்று எழுதியிருந்ததைப் படிக்கும்போது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டது போல இருந்தது.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கணினியில் எந்த நிரலும் மணி என்ன என்று கேட்கலாம். மாற்றத்தான் முடியாது. மாற்ற வேண்டுமென்றால் இயங்குதளத்தின் உட்பகுதியிடம் போய் நிற்க வேண்டும். அதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். முழு அதிகாரம் உள்ளவன் கூப்பிட்டால்தான் அது கேட்கும். அன்று அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. கூப்பிட இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்த நேரத்தை வை என்று சொன்னால் அந்தக் கணமே வைத்துவிடும். இன்னொன்று, கடிகாரத்தைத் துளித்துளியாக மெதுவாக்கும். ஒரு நொடிக்கு அரை மில்லி நொடிதான் விட்டுக்கொடுக்கும். அந்த வழியில் போனால் நேரம் ஒருபோதும் பின்னால் போகாது, எந்த நிமிடமும் இரண்டு முறை வராது. ஆனால் பதினோரு நிமிடம் சரியாக ஏறக்குறைய பதினைந்து நாள் ஆகும்.

அப்போதிருந்த பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். "நாளைக்கு மேலிடத்துல இருந்து பாக்க வர்றாங்க. பதினஞ்சு நாள் கணக்கெல்லாம் என்கிட்ட சொல்லாத. சாயங்காலத்துக்குள்ள முடி" என்றார். அவர் சொன்னதில்கூடப் பெரிய தவறில்லை. ஒரே அடியாக மாற்றலாம். ஆனால் மாற்றும்முன் எல்லா வார்டுக்கும் சொல்லி, பதிவுகளை நிறுத்தி, பதினோரு நிமிடம் காத்திருந்து, பிறகு திறந்துவிட வேண்டும். பராமரிப்பு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எட்டு வார்டுக்கும் போன் செய்து எட்டு பேரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள எனக்குச் சோம்பல். மூன்று வரியில் ஒரு நிரல் எழுதி ஓடவிட்டேன். கடிகாரம் சரியாகிவிட்டது. டீ குடிக்கப் போய்விட்டேன். நோட்டில் எழுதவில்லை.

உத்தரவில்லாமல் ஊசி போட்டதால் தச்சர் இறந்தார் என்று உங்கள்மேல் புகார் வந்தது எனக்குத் தெரியும். அதற்கும் என் வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் காலை, அந்த நாளின் பதிவுகளை அச்செடுத்துத் தரச் சொன்னார்கள். திரையில் எடுத்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதைக் கணினியே கொடுக்கும், ஏறிக்கொண்டேதான் போகும். டாக்டரின் உத்தரவுக்கு 48213. உங்கள் ஊசிக்கு 48220. எண் ஏறியிருக்கிறது, மணி இறங்கியிருக்கிறது. பார்த்த உடனே புரிந்துவிட்டது.

அச்செடுக்கும்போது அந்த வரிசை எண் பத்தியை எடுத்துவிட்டேன் அண்ணி. பக்கத்தில் அடங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளைக் குறுக்காக வைத்திருந்தால் அடங்கியிருக்கும்.

அந்த வேலையில் நான் நிரந்தரமாக ஆறு வாரம் பாக்கி இருந்தது. தச்சர் இறந்துவிட்டிருந்தார். கடிகாரத்தைத் தொட்டவன் நான் என்று தெரிந்தால் எல்லாம் என் தலையில் வந்து விழும் என்று பயந்தேன். உங்களுக்கு என்ன, இத்தனை வருடம் ஒரு கரும்புள்ளி இல்லாத நர்ஸ், எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பதிவையே ரத்து செய்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. செய்த பிறகு, இனிமேல் சொன்னால் "ஏன் அன்றே சொல்லவில்லை" என்பார்களே என்று ஒரு மாதம். பிறகு ஒரு வருடம். அப்படியே போய்விட்டது.

பழைய சர்வரின் பிரதிகளை இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அழிக்கிறார்கள். அதற்குப் பிறகு வரிசை எண் எங்கேயும் இருக்காது. எடுத்துக் கொடுக்கவா? நீங்கள் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 23

"நீங்கள்" என்று எழுதினால் உனக்கு உறுத்துகிறதா? சரி, நீ என்றே எழுதுகிறேன். உறுத்தல் குறையப்போவதில்லை.

உன்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டது யார்? கண்காணிப்பாளர் அறை வாசலில் இரண்டு நாள் நின்று, "என் கொழுந்தன் சார், கெட்டிக்காரன், ஒரு சான்ஸ் குடுங்க" என்று கேட்டேன். அவர் உன்னைச் சேர்த்துக்கொண்ட அன்று வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது இழுத்தால், "ஏன், ஒருத்தன் வளந்து நிக்கிறானே" என்பேன்.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். விசாரணை மூன்று முறை நடந்தது. முதல் முறை தைரியமாகச் சொன்னேன். டாக்டர் குரல் கொடுத்தார், திரையில் உத்தரவைப் பார்த்தேன், மருந்துக் குப்பியை உடைத்தேன், போட்டேன். டாக்டரைக் கேட்டார்கள். "டைம் ஞாபகமில்ல. கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான்" என்றார். இரண்டாம் முறை நீ வந்தாய். மூன்றாம் முறைக்கு முன்னால் உன் அண்ணன் சொன்னார், "கம்ப்யூட்டருக்கு உன்மேல என்ன பகை? தம்பியே சரின்னு சொல்றான். அவசரத்துல முன்னாடி போட்டிருப்ப. ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்க." கையெழுத்துப் போட்டேன். "உத்தரவுக்கு முன்பே போட்டிருக்கலாம்" என்று எழுதியிருந்தது. அந்த "லாம்" போதுமாக இருந்தது அவர்களுக்கு.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தம்பி, நான் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். இங்கே வந்து ஒரு வருடம் ஆவதற்குள் என் தலைக்குள் அந்த மத்தியானம் புரண்டுவிட்டது. குப்பியை உடைக்கிற சத்தம் முதலில் கேட்கும். டாக்டரின் குரல் பிறகு கேட்கும். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் வந்தது. என் கண்ணால் பார்த்ததை நானே மாற்றிக்கொண்டேன். ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டு வீட்டில் எல்லோரிடமும் வாதாடியிருக்கிறேனே என்று என்மேலேயே அருவருப்பு வந்தது.

தச்சரின் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். "உங்கள் வீட்டுக்காரர் சாவுக்கு நான்தான் காரணம்" என்று என் கையால் எழுதி, என் பெயர் போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. என்ன பதில் எழுதுவாள்? அந்தத் தாள் இன்னமும் அந்த அம்மாவிடம் இருக்கும்.

உன் கடிதம் வந்த அன்று குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்த இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேனாம். ஒரு பெரியவர் வந்து, "போதும்மா, தரை தேஞ்சிடப்போகுது" என்றார்.

கொடுக்கவா என்று என்னைக் கேட்காதே. நான் கொடு என்றால், வேலை போன பிறகு "அண்ணி சொன்னாங்க, செஞ்சேன்" என்பாய். வேண்டாம் என்றால் அண்ணியே விட்டுவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்குவாய். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை. அன்றைக்கு யாரைக் கேட்டுச் செய்தாய்?


ஏப்ரல் 2

அண்ணி,

போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி கொடுத்துவிட்டேன்.

அந்த நாளின் பதிவுகளை முழுதாக அச்செடுத்தேன். தாளைக் குறுக்காக வைத்து எடுத்தேன். நான் செய்ததை நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு பிரதி மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு, ஒன்று உங்கள் செவிலியர் மன்றத்துக்கு. கண்காணிப்பாளர் புதியவர். உங்களைத் தெரியாது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத நீங்க குடுக்கலன்னா யாருக்காவது தெரியவருமா?" என்றார். "தெரியாது சார்" என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா தன்னால அழிஞ்சிருக்கும்." "ஆமா சார்." என் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அன்று மாலையே அண்ணனிடம் சொன்னேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் ஷேவ் பண்ணிட்டிருந்தேன்டா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ கதவுக்கு வெளிய நின்னு, 'ஆர்டர் வந்தப்புறம்தாங்க போட்டேன், நீங்களாவது நம்புங்க'ன்னா. நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டே, 'சரி சரி, டிபன் எடுத்து வை'ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. எனக்கும் சேர்த்துச் சமைத்து வைக்கிறார். நான் வருவதற்கு முன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுகிறார். நேற்று மட்டும் என் அறை வாசலில் நின்று உங்கள் முகவரி கேட்டார். கொடுத்துவிட்டேன். தவறென்றால் திட்டுங்கள்.

உங்கள் குடும்பம் என் ஒரு பொய்யால் உடைந்தது. வேலையைக்கூட ஒருநாள் திரும்ப வாங்கிக் கொடுக்கலாம். இதை நான் எப்படி ஒட்டுவேன்?

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

உன் அண்ணன் வந்தார்.

முன்கூடத்தில் பெரியவர்களோடு பெரியவராக உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் விசாரித்துக்கொண்டிருந்தார். "யாரப் பாக்க வந்தீங்க?" "என் வீட்டுக்காரிய." "எந்த ரூம்ல இருக்காங்க? எழுந்து நடமாடறாங்களா?" நான் கையில் துடைப்பத்தோடு போய் முன்னால் நின்றேன். அந்தப் பெரியவருக்கு ஒரே சிரிப்பு. உன் அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சக்கரை போடலியே, யார் சொன்னா?" என்றார். நீ எழுதியதைச் சொன்னேன். மீதியையும் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்கு வா" என்றார்.

"இப்ப எப்படி நம்பறீங்க?" என்றேன்.

"அதான் தம்பி எல்லாத்தையும் காட்டினானே. நம்பர் போட்டிருக்கு."

சொல்லிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் சுருங்கிப்போனது. நான் சத்தம் போடவில்லை. "அன்னிக்கும் உங்க தம்பி காட்டினதத்தான் நம்பினீங்க. இன்னிக்கும் அதத்தான் நம்பறீங்க. நடுவுல நான் எங்க இருக்கேன்?" என்றேன். "தப்புதான்" என்றார். இரண்டு முறை சொன்னார். மூன்று மணி பஸ்ஸுக்கு நானே கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். மாதம் ஒருமுறை வரலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தை நீ உடைக்கவில்லை. நீ ஒரு பொய் சொன்னாய், அப்போது உனக்கு இருபத்தாறு வயது, பயந்தாய். அவர் என்னோடு பதினாலு வருடம் குடித்தனம் நடத்தியவர். கைதவறி ஒரு பாத்திரத்தை உடைத்தால்கூட நான் மறைக்கமாட்டேன் என்று தெரிந்தவர். அவருக்கு என் பேச்சு போதவில்லை. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. அதை நீ தூக்கிச் சுமக்காதே. உன் பங்கே உனக்குப் போதுமான கனம்.

அண்ணி


ஜூலை 28

அண்ணி,

மன்றத்தின் விசாரணை முடிந்தது. உங்களை அழைத்தது வேறு நாளாம். எங்கே உங்களைப் பார்த்துவிடுவேனோ என்று பயந்துகொண்டும், பார்க்கமாட்டோமா என்று எதிர்பார்த்துக்கொண்டும் போனேன்.

பழைய பொறுப்பாளரையும் வரவழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றுவிட்டார், கைத்தடியோடு வந்தார். தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே என்னைப் பார்த்து, "உனக்கு ஏன்ப்பா இந்த வேலை?" என்றார், ஏதோ வீட்டுக்கு வெள்ளையடிப்பது பற்றிக் கேட்பது போல.

என்னை ஒரு மணி நேரம் கேட்டார்கள். நேரத்தை எப்படி மாற்றினேன், எண் எப்படி வருகிறது, எல்லாம். தலைவராக இருந்த அம்மையார் கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "அப்பவே ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"ஒன்பது வருஷமுமா?"

"மொத வருஷம் பயம். அப்புறம் வெட்கம்."

எழுதிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தீர்ப்பு உங்களுக்குத்தான் வரும் என்றார்கள். எப்படி வரும் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு வேலை போய்விட்டது. இனி எந்த மருத்துவமனையிலும் கணினியைத் தொட முடியாது. பஜாரில் ஒரு போன் ரிப்பேர் கடையில் உட்காருகிறேன். உடைந்த கண்ணாடி மாற்றுவது, சார்ஜ் ஏறாததைப் பார்ப்பது. அண்ணன் இப்போது பேசுகிறார். "பால் வாங்கிட்டு வா", "கதவச் சாத்து" என்கிற அளவுக்கு.

ஒன்று மட்டும் செய்ய முடியவில்லை. தச்சரின் மனைவி வீட்டுக்கு இரண்டு முறை போனேன். மாடிப்படி வரை. மேலே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்றதும் திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி


செப்டம்பர் 9

தம்பி,

மன்றத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் பதிவைத் திரும்பத் தந்துவிட்டார்கள். என்மேல் இருந்த குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று ஒரே வரி. மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, மறுநாள் காலையே மாத்திரைத் தட்டை என் கையில் கொடுத்தார். பன்னிரண்டு பேருக்குக் கொடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொருவருக்கும் சீட்டைப் பார்த்து, மாத்திரையைப் பார்த்து, மறுபடி சீட்டைப் பார்த்து. "இதுக்குள்ள எனக்கு வியாதியே சரியாயிடும்" என்றார் ஒரு பெரியவர். இனி சாகும்வரை எனக்கு அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் பொய்தானே. நீ தைரியமாக ஒரு காரியம் செய்தாய். அதை எனக்கு முப்பத்தாறு வயதாக இருந்தபோது செய்திருந்தால் இந்நேரம் நான் ஒரு வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்திருப்பேன். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் உன்னை நினைக்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

போன வாரம் அங்கே வந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பழைய வார்டு சிஸ்டர் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். பஸ் நம் தெருவழியாகத்தான் வந்தது. மாடியில் உன் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. இறங்கவில்லை.

தச்சரின் மனைவியைப் பார்க்கத்தான் வந்தேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான், நீ இல்லை. அதனால் அந்த மாடிப்படி நான் ஏற வேண்டியது.

ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து போய், தகரப் பெட்டியிலிருந்து என் கடிதத்தை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. நீதான் கொன்னேன்னு நீயே எழுதியிருக்க."

"எழுதினேம்மா. அப்ப அப்படித்தான் நம்பினேன்."

"இப்ப?"

நடந்ததைச் சொன்னேன். கடிகாரம், நேரம் இரண்டு முறை வந்தது, எண்கள், எல்லாம். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒரே கேள்விதான் கேட்டார்.

"அப்ப என் வீட்டுக்காரர் எதுல செத்தாரு?"

"நெஞ்சு நோய்லதாம்மா. டாக்டர் சொன்னப்புறம்தான் ஊசி போட்டேன். ஊசி அவரக் காப்பாத்தல."

இயந்திரத்தின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அழுதார். அன்றைக்குத்தான் செய்தி வந்தது போல அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "ஒன்பது வருஷமா காலைல எழுந்ததும் உன்னத்தான் திட்டுவேன். பல் வெளக்கற மாதிரி. நாளைக்கு எழுந்து நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குத் தண்ணீர் கொண்டுவர அவர் எழுந்து நடந்தபோது வலது காலைத் தரையில் ஊன்றாமல் இழுத்து நடந்தார். குதிகாலில் பழைய துணியைச் சுற்றியிருந்தார். துணியில் மஞ்சளாகக் கறை.

"எத்தன நாளாம்மா இது?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஆணி குத்துச்சு. ஆறவே மாட்டேங்குது."

"ஆஸ்பத்திரில காட்டலியா?"

"அவரு போனதுக்கப்புறம் நான் ஆஸ்பத்திரி வாசல மிதிக்கல."

நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அப்படியே நின்றிருந்தார்.

பிறகு கட்டிலில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்கால்வரை ஒதுக்கி, காலை என் பக்கம் நீட்டினார். நான் குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, அந்தத் துணியை அவிழ்த்தேன்.

அண்ணி